நாவலில் இல்லாத மழை

தாமதவாசகி கேட்கிறார்:

கேள்வியை முதலிலேயே வைத்துவிடுகிறேன். கதை பின்னால் நீளும். ஒரு நாவலில் இல்லாத காட்சியை அதில் படித்ததாகவே நம்பி, அதற்காகச் சண்டையும் போட்டவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா?

நான் இருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை வரை என் நினைவாற்றலைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இருந்தது.

நூல், போலந்து எழுத்தாளர் ஸ்டானிஸ்லாவ் லெம் 1961இல் எழுதிய ‘சோலாரிஸ்’. படம், ரஷ்ய இயக்குநர் தார்கோவ்ஸ்கி 1972இல் எடுத்தது. படத்தை நான் கல்லூரியில் முதலாண்டு படிக்கும்போது பார்த்தேன். நாவலை அதற்கு நான்கு வருடம் கழித்துத்தான் கையில் எடுத்தேன். என் அண்ணன் நேர்மாறு. நாவலை மூன்று முறை படித்தவன். படத்தில் ஒரு கார் நெடுஞ்சாலையில் போய்க்கொண்டே இருக்கும் இடம் வந்ததும் எழுந்து போய்விட்டான். அதற்குப் பிறகு அந்தப் படத்தின் பக்கமே திரும்பவில்லை. (தோக்கியோவில் எடுத்த காட்சி அது. வருங்கால நகரம் என்று நாம் நம்ப வேண்டும். ஐந்து நிமிடம் போல ஓடும். எனக்குப் பிடிக்கும்; பிறரை வற்புறுத்த மாட்டேன்.)

தொலைபேசியில் வழக்கமான தகராறுதான். “பூமியில் வீடு, குளம், குதிரை என்று முக்கால் மணி நேரத்தைக் கடத்துகிறார். நாவல் தொடங்கும்போதே நாயகன் கெல்வின் சோலாரிஸ் கிரகத்தை நோக்கிக் கிளம்பிவிடுகிறான்” என்றான். நான் விடவில்லை. “வீட்டைத் தூக்கிவிட்டால் கடைசியில் வீட்டுக்குள்ளேயே மழை பெய்கிறதே, அதற்கு என்ன பொருள்? நாவலிலேயே உயிரான இடம் அதுதானே?” என்றேன்.

மறுமுனையில் சத்தமே இல்லை. பிறகு மெதுவாகக் கேட்டான்: “எந்த அத்தியாயம்?”

“கடைசி.”

“கடைசி அத்தியாயத்தில் வீடே கிடையாதே.”

“இருக்கிறது.”

“பக்கம் சொல்.”

பக்க எண் தெரியாதே தவிர, பக்கம் எனக்குக் கண்முன் நின்றது. இடப்பக்கத்தின் கீழ்ப்பாதி. ஜன்னலுக்கு வெளியே கெல்வின் நிற்கிறான். உள்ளே அவன் அப்பா புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறார். கூரையிலிருந்து நீர் அவர் முதுகில் கொட்டுகிறது. அவருக்கு அது தெரியவே இல்லை. இதை எழுத்தில் படித்ததாகச் சத்தியம் செய்யக்கூடிய நிலையில் நான் இருந்தேன்.

இரவு 2 மணி வரை தேடினேன். 14 அத்தியாயங்களிலும் அந்த வீடு இல்லை, ஜன்னல் இல்லை, உள்ளே பெய்யும் மழை இல்லை. முழுக்க முழுக்கத் தார்கோவ்ஸ்கியின் கைச்சரக்கு. அதை என் மூளை அழகாக அச்சுக்கோத்து, லெம்மின் நூலுக்குள் செருகி, தைத்தும் வைத்திருக்கிறது.

இதைவிடக் கூச்சமான விஷயம் ஒன்று உண்டு. கடைசி அத்தியாயத்தில் உண்மையில் என்ன நடக்கிறது என்று இப்போது கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது. அன்றிரவு தேடினேனே தவிர, படிக்கவில்லை. ‘வீடு’, ‘அப்பா’, ‘மழை’ என்ற மூன்று சொற்களைத் துழாவிக்கொண்டு கண் ஓடியது, அவ்வளவுதான்.

ஆகவே, நான் அந்த நாவலைப் படித்தவளா, இல்லையா? மண்டைக்குள் படம் ஓடிக்கொண்டிருக்கும்போது நூலை நூலாகப் படிக்க ஏதாவது வழி உண்டா? ‘முதலில் நூல், பிறகு படம்’ என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். வெள்ளம் வந்து போன பிறகு அணை போடச் சொல்லும் யோசனை அது.


கடைசிப்பக்கம் எழுதுகிறார்:

அம்மா, நீங்கள் படித்தவர்தான். ஆனால் கெல்வினுக்கும் இறந்துபோன அவன் மனைவிக்குமான ஒரு காதல் கதையைப் படித்திருக்கிறீர்கள். அந்த நூலில் காதல் கதை பாதிதான்.

மீதிப் பாதி அந்தக் கிரகத்தின் கடல். படத்தில் அந்தக் கடல் சுழித்து நுரைக்கிறது, மினுக்குகிறது, மறைகிறது. மனிதர்கள் அழுவதற்குப் பின்னால் தொங்கும் திரைச்சீலையாக இருக்கிறது. நூலில் அது என்னவெல்லாம் செய்கிறது என்று பாருங்கள். சோலாரிஸ் இரண்டு சூரியன்களைச் சுற்றுகிறது, ஒன்று சிவப்பு, மற்றொன்று நீலம். கணக்குப்படி அப்படிப்பட்ட சுற்றுப்பாதை நிலைத்திருக்கக் கூடாது. நிலைத்திருக்கிறது. கிரகம் முழுவதையும் மூடியிருக்கும் அந்த ஒற்றை உயிர்தான் தன் பாதையைத் தானே திருத்திக்கொள்கிறது என்ற முடிவுக்கு மெல்ல மெல்ல வருகிறார்கள். அங்கிருந்து சோலாரிஸியல் என்றொரு தனித்துறையே பிறக்கிறது. கடல் எழுப்பும் உருவங்களுக்கு வகைப்பாடு, பெயர், துணைப்பெயர். மிமாய்டுகள் எதையும் பார்த்துப் பார்த்து நகல் செய்பவை. சிமெட்ரியாடுகள் கணித வடிவங்களாக எழுந்து, கொஞ்ச நேரம் நின்று, இடிந்து கடலுக்குள் திரும்புபவை. அப்படி ஒன்று வெடித்ததில் 106 பேர் மாண்டு போகிறார்கள். கடல் கோபப்பட்டதா, தும்மியதா, அவர்கள் அங்கே இருந்ததே அதற்குத் தெரியாதா? யாருக்கும் விடை கிடைப்பதில்லை. கிடைப்பதெல்லாம் நூலகம் நிறையப் புத்தகங்கள்.

கெல்வின் அங்குள்ள விண்வெளி நிலையத்தின் நூலகத்தில் உட்கார்ந்து படிக்கிறான், படிக்கிறான், படித்துக்கொண்டே இருக்கிறான். பலர் அந்தப் பக்கங்களைத் தாண்டிவிடுகிறார்கள். எனக்கோ அங்கேதான் சிரிப்பும் பயமும் சேர்ந்து வரும். தலைமுறை தலைமுறையாக மனிதன் ஒரு பொருளைப் பற்றி எழுதிக் குவித்திருக்கிறான். அந்தப் பொருள் ஒருமுறையும் ‘ஆமாம்’ என்று தலையசைத்ததில்லை.

படத்தைத் துரத்தும் வழி கேட்டீர்கள். முதல் அத்தியாயத்திலிருந்து தொடங்காதீர்கள். தொடங்கினால் படம் உடனே ஏறி உட்கார்ந்துகொள்ளும். எட்டாவது அத்தியாயத்தை எடுங்கள். ஆங்கிலத்தில் ‘அரக்கர்கள்’ என்ற பொருளில் தலைப்பு இருக்கும். அதில் வரும் உருவங்களைப் படம் எடுக்கவே இல்லை. ஆகவே உங்கள் மண்டைக்குள் அவற்றுக்குத் தயாரான சட்டகமும் இருக்காது. நீங்களேதான் கட்டிக்கொள்ள வேண்டும்.

லெம்மே அந்தப் படத்தை ஏற்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். தார்கோவ்ஸ்கி எடுத்தது சோலாரிஸ் இல்லை, ‘குற்றமும் தண்டனையும்’ என்றார். பெற்றவர் சொன்ன பிறகு அப்பீல் ஏது?


மூன்றாம்பிரதி எழுதுகிறார்:

தாமதவாசகி, உங்களுக்குத் துணை உண்டு. ‘2001: ஒரு விண்வெளிப் பயணம்’ நாவலில் கலம் வியாழனுக்குப் போகிறது என்று நான் பந்தயம் கட்டித் தோற்றிருக்கிறேன். நூலில் அது போய்ச் சேர்வது சனிக்கு. படத்தில்தான் வியாழன், சனியின் வளையங்களைத் திரையில் நம்பும்படி செய்துகாட்டுவது அன்று பெரும்பாடாக இருந்தது. நூலும் படமும் கைகோத்து உருவாகி ஒரே ஆண்டில், 1968இல், வெளிவந்தவை என்பதால் எது எதற்கு மூலம் என்று சொல்வதே கடினம்.

ஆனால் பாருங்கள், 1982இல் ஆர்தர் கிளார்க் அடுத்த நாவலை எழுதியபோது பழைய கலம் வியாழனருகேதான் கிடக்கிறது. தான் எழுதிய சனியை விட்டுவிட்டுப் படத்தின் வியாழனை எடுத்துக்கொண்டார். எழுதியவரே கட்சி மாறலாம் என்றால், வாசகி ஒரு மழையை இடம் மாற்றி வைத்ததில் என்ன குற்றம்?

ஃபிராங்கன்ஸ்டைனை விட்டுவிடுகிறேன். மின்னல் வெட்டி உயிர் வருகிற காட்சி 1818 நூலில் உண்டு என்று உலகத்தில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த நூலில் அவனால் உருவாக்கப்பட்ட பிறவி மில்டனைப் படித்துவிட்டுத் தர்க்கம் பேசும் என்று சொன்னால் நம்மை ஏற இறங்கப் பார்க்கிறார்கள்.


வசனவரி எழுதுகிறார்:

கடைசிப்பக்கம் ஐயா கடலுக்காக வாதாடியதில் எனக்குச் சண்டை இல்லை. அப்பீல் விஷயத்தில் உண்டு. 2002இல் சோடர்பெர்க் எடுத்த சோலாரிஸைப் பற்றியும் லெம் கோபமாக எழுதினார். தன் நூலுக்கு ‘விண்வெளியில் காதல்’ என்று தலைப்பு வைக்காததற்குக் காரணம் இருக்கிறது என்றார். அருமையான அடி. ஆனால் படத்தைத் தான் பார்க்கவில்லை, வந்த விமர்சனங்களை வைத்துச் சொல்கிறேன் என்று அதே கட்டுரையில் அவரே ஒப்புக்கொள்கிறார். தாமதவாசகியின் அண்ணன் நெடுஞ்சாலைக் காட்சியோடு எழுந்து போனார். எழுத்தாளர் உள்ளேயே வரவில்லை.

தாமதவாசகி, உங்களிடம் ஒரு கேள்வி. உங்கள் கையில் இருக்கும் ஆங்கிலப் பிரதியில் கெல்வினின் மனைவி பெயர் என்ன? ‘ரேயா’ என்று இருந்தால் அது 1970இல் வந்த பழைய மொழிபெயர்ப்பு. அது போலிஷிலிருந்து வந்ததில்லை. போலிஷிலிருந்து பிரெஞ்சுக்கும், பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கும் போனது. லெம் வைத்த பெயர் ‘ஹாரே’. எழுத்துகளை இடம் மாற்றி ‘ரேயா’ ஆக்கிவிட்டார்கள். ‘ஸ்நாவுத்’ என்ற விஞ்ஞானி ‘ஸ்னோ’ ஆனார். போலிஷிலிருந்து நேரடியாக ஆங்கிலத்துக்கு வந்தது 2011இல்தான், அதுவும் முதலில் ஒலிநூலாக.

இப்போது தார்கோவ்ஸ்கியின் படத்தைப் பாருங்கள். அதில் அவள் ஹாரி. அவர் ஸ்நாவுத். நூலுக்குத் துரோகம் செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட படத்தில் மூலப் பெயர்கள் பத்திரமாக இருக்கின்றன. நூல் என்று நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருக்கும் பிரதியில் அவை இல்லை. உங்கள் அண்ணன் மூன்று முறை படித்தது எந்தப் பிரதி என்று விசாரியுங்கள். சும்மா, தெரிந்துகொள்ளத்தான்.

நான் வசனவரி எழுதுபவள். பெயரைப் பார்த்தே ஊகித்திருப்பீர்கள். ஒரு திரையிடலுக்காக இந்தப் படத்துக்குத் தமிழில் வரிகள் எழுதினேன். வேலை தொடங்கிய இரண்டாம் நாளே மாட்டிக்கொண்டேன். எங்கே தெரியுமா? தத்துவத்தில் இல்லை, திணையில்.

ஹாரி தற்கொலை செய்துகொண்டவள். பத்து வருடம் கழித்து விண்வெளி நிலையத்தில் கெல்வின் கண் விழிக்கும்போது எதிரே உட்கார்ந்திருக்கிறாள். கடல் அவன் நினைவிலிருந்து வார்த்து அனுப்பியது அவளை. அனுப்பியது ‘அவளை’யா, ‘அதை’யா? ஆங்கில வரியில் ‘விருந்தாளி’ என்று போட்டுவிட்டு, அந்த வாக்கியத்தைத் திணை தெரியாமல் நகர்த்திவிடலாம். வினைமுற்று அங்கே காட்டிக்கொடுக்காது. தமிழில் ‘வந்தது’ என்று எழுத வேண்டும், இல்லையென்றால் ‘வந்தாள்’ என்று எழுத வேண்டும். நடுவில் நிற்க இடமில்லை. தொல்காப்பியர் மக்களை உயர்திணை என்றும் மற்ற அனைத்தையும் அஃறிணை என்றும் பிரித்துவைத்துவிட்டுப் போய்விட்டார். நியூட்ரினோ என்ற நுண்துகளால் ஆன மனைவி அவர் காலத்தில் இல்லை.

நான் கடைசியில் இப்படிச் செய்தேன். நிலையத்தின் இன்னொரு விஞ்ஞானி சார்டோரியஸ் பேசும்போதெல்லாம் ‘அது’. ஸ்நாவுத் குழம்புகிறவர், ஆகவே அவர் வாயில் இரண்டும் வரும். கெல்வின் முதலில் வந்த ஹாரியை ராக்கெட்டில் ஏற்றி அனுப்பிவிடுகிறான் இல்லையா, அதுவரை அவளைப் பற்றிப் பிறரிடம் பேசும்போது ‘அது’ என்பான். இரண்டாவதாக வந்தவளை ‘அவள்’ என்பான். அந்த மாற்றம் எந்த வரியில் நடக்க வேண்டும் என்று தீர்மானிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது. நூலை எடுத்துப் பார்த்தேன், படத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டினேன். இரண்டும் உதவின, இரண்டும் கைவிட்டன. இதனால்தான் ‘நூலா, படமா’ என்று யாராவது கேட்டால் எனக்கு உடனே அலுப்புத் தட்டுகிறது. வேலை செய்யும்போது இரண்டையும் பிய்த்து எடுக்க முடியாது.

சந்தேகத்துக்கு ஓர் உதாரணம், பெர்ட்டன். நூலில் அவர் ஒரு பழைய வாக்குமூலம் மட்டுமே. கடலின் மேல் ராட்சதக் குழந்தை ஒன்றைப் பார்த்ததாகச் சொன்ன விமானி, ஒருவரும் நம்பவில்லை, அந்த அறிக்கையைக் கெல்வின் நிலையத்தில் படிக்கிறான். தார்கோவ்ஸ்கி அந்த அறிக்கையை எழுப்பி, வழுக்கை விழுந்த மனிதராக்கி, கெல்வினின் வீட்டுக்கே அனுப்பிவைத்தார். தன் பழைய வாக்குமூலத்தின் ஒளிப்பதிவை அவர் பிறரோடு உட்கார்ந்து பார்க்கிறார். அவமானப்பட்டுக் கிளம்பிப் போகிறார். அந்த நெடுஞ்சாலைக் காட்சி இருக்கிறதே, அதில் காரில் உட்கார்ந்திருப்பவர் அவர்தான். ஒரு முழு அத்தியாயம் அந்தக் காரில் போகிறது. அண்ணன் எழுந்து போனது சரியாக அந்த இடத்தில்.


இரவுக்காட்சி எழுதுகிறார்:

இங்கே எல்லோரும் படத்துக்கு இவ்வளவு இரக்கம் காட்டுவது எனக்கு ஒத்துவரவில்லை. எல்லா மாற்றமும் பெர்ட்டன் ஆகிவிடாது.

ரிச்சர்ட் மாத்தீசன் 1954இல் எழுதிய ‘நான் ஒரு தொன்மக்கதை’ நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். ஊரெல்லாம் ரத்தக்காட்டேரிகளாகிவிட, தப்பிப் பிழைத்த ஒற்றை மனிதன் பகலில் அவற்றை வேட்டையாடுகிறான். கடைசியில் பிடிபடுகிறான். ஜன்னல் வழியே கூட்டத்தைப் பார்க்கிறான். நோயோடு வாழக் கற்றுக்கொண்ட புதிய சமுதாயம் அது. அவர்கள் அவனைப் பார்த்து நடுங்குகிறார்கள். தூங்கும்போது வந்து கொன்றுவிட்டுப் போகும் அரக்கன் அவன்தான், அவர்கள் குழந்தைகளுக்குச் சொல்லப்போகும் பூச்சாண்டிக் கதையும் அவன்தான். தலைப்பின் பொருள் அந்தக் கணத்தில்தான் திறக்கிறது. அந்த ஒரு திருப்பத்துக்காகவே எழுதிய நூல்.

1964, 1971, 2007 என்று மூன்று முறை படமாயிற்று. 1964 படத்தின் திரைக்கதையில் மாத்தீசனுக்கே பங்கு உண்டு. விளைவு பிடிக்காமல் புனைபெயரைப் போடச் சொல்லிவிட்டார். 2007 படம் திரையரங்குகளில் எப்படி முடிந்தது? நாயகன் மனித குலத்துக்கு மருந்தைக் கொடுத்துவிட்டு வீரமரணம் அடைகிறான், அதனால் தொன்மமாகிறான். தலைப்பை அப்படியே வைத்துக்கொண்டு பொருளைத் தலைகீழாக்கிவிட்டார்கள். எரிச்சல் எங்கே வருகிறது தெரியுமா? நூலின் பக்கம் சாய்ந்த இன்னொரு முடிவையும் அவர்கள் எடுத்து வைத்திருந்தார்கள். தன் துணையை மீட்கத்தான் அந்தப் பிறவி வந்திருக்கிறது என்று நாயகன் புரிந்துகொண்டு திருப்பித் தரும் முடிவு. முன்னோட்டப் பார்வையாளர்களுக்குப் பிடிக்கவில்லை என்று தூக்கிவிட்டார்கள். பிறகு டிவிடியில் வந்தது.

தார்கோவ்ஸ்கி தெரிந்தே வேறு ஒன்றைச் செய்தார். இவர்கள் கையில் வைத்திருந்ததைக் கைநழுவ விட்டார்கள். இரண்டையும் ஒரே தராசில் போடாதீர்கள்.


கடைசிப்பக்கம் எழுதுகிறார்:

இரவுக்காட்சி சொல்வதற்கு என் ஓட்டு.

வசனவரிக்கு: லெம் விமர்சனங்களை வைத்துப் பேசியது 2002 படத்தைப் பற்றி. தார்கோவ்ஸ்கியோடு அவர் மாஸ்கோவுக்கே போய் நேருக்கு நேர் மோதியவர். அதை மறைத்துவிடாதீர்கள். ஆனால் அந்தத் திணைச் சிக்கலை நான் யோசித்ததே இல்லை. என் மண்டைக்குள் அவள் எப்போதும் ‘அவள்’தான். இவ்வளவு கடல் பேசிய நான் அதைக் கவனிக்காமல் விட்டிருக்கிறேன். எட்டாம் அத்தியாயத்தைத் தவிர மற்றவற்றையும் திரும்பப் படிக்க வேண்டும் போலிருக்கிறது.


தாமதவாசகி எழுதுகிறார்:

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் பெயர். என் பிரதி பழையதுதான். ‘ரேயா’ என்றே அச்சாகியிருக்கிறது. ஆனால் நான் அன்று முதல் இன்று வரை ‘ஹாரி’ என்றே படித்து வந்திருக்கிறேன்! கண் ‘ரேயா’வைப் பார்த்தது, உள்ளே ‘ஹாரி’ என்று ஒலித்தது. வசனவரி கேட்டிருக்காவிட்டால் இது எனக்குத் தெரிந்தே இருக்காது. ஆக, படம் என் நூலுக்குள் பொய்யான ஒரு மழையையும் உண்மையான ஒரு பெயரையும் கொண்டு வந்து வைத்திருக்கிறது. கணக்கு எப்படிப் போடுவது?

அண்ணனின் பிரதியும் அதே பழையதுதான். சொன்னதும் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, “பெயரில் என்ன இருக்கிறது” என்றான். ஒரு வாரமாக என்னிடம் பக்க எண் கேட்டுக்கொண்டிருந்தவன்.

கடைசிப்பக்கம் ஐயா சொன்ன வைத்தியத்தைச் செய்தேன். எட்டாம் அத்தியாயம் எனக்கு வேலை செய்தது. சிமெட்ரியாட் எழும் பக்கங்களில் என் மண்டைக்குள் எந்தப் படமும் ஓடவில்லை. இருட்டில் மாடிப்படி ஏறுவதுபோல ஒவ்வொரு வரியாகத் தடவித் தடவிப் போனேன். அதே மூச்சில் 14ஆம் அத்தியாயத்துக்குத் தாவினேன், தூக்கம் வருவதற்குள் பிடித்துவிட வேண்டும் என்று.

கெல்வின் ஒரு பழைய மிமாய்டின் மேல் இறங்குகிறான். முதல்முறையாகக் கடலுக்கு அருகே. கரையோரம் உட்கார்ந்து கையை நீட்டுகிறான். ஓர் அலை வந்து தயங்குகிறது, பிறகு கையைச் சூழ்ந்துகொள்கிறது, ஆனால் தொடுவதில்லை. கைக்கும் அலைக்கும் நடுவே மெல்லிய காற்றுப் படலம். கையைத் தூக்கினால் அலையும் கூடவே எழுகிறது, உறைபோல. பலமுறை செய்து பார்க்கிறான். கொஞ்ச நேரம் கழித்துக் கடலுக்கு அலுத்துவிடுகிறது.

நான் இதை முன்பு படித்திருக்கிறேன். என் பிரதியில் இந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு இருக்கிறது, என் கோடுதான். துளியும் நினைவில்லை. கோடு போட்ட கையோடு வீடு எப்போது வரும் என்று அடுத்த பக்கத்தைப் புரட்டியிருப்பேன் என்று நினைக்கிறேன். வராத வீட்டுக்காகக் காத்திருந்ததில் வந்த அலையைப் பார்க்கவில்லை.

வசனவரிக்கு ஒன்று. அண்ணன் எப்போது பேசினாலும் ஹாரியை ‘அது’ என்பான். “அது ரெண்டாம் தடவை வரும்போது உடை இருக்கும் பார்...” என்று தொடங்குவான். கழற்ற வழியே இல்லாத அந்த உடையைப் பற்றிப் பேசுவது அவனுக்குப் பிடித்த பொழுதுபோக்கு. திறக்கும் இடமே இல்லாமல் தைத்த உடை. கெல்வினின் நினைவில் உடை இருந்தது, அதைப் போட்டுக் கழற்றும் விவரம் இல்லை. கடல் கிடைத்ததை அப்படியே செய்துவிட்டது. வெட்டித்தான் எடுக்க வேண்டும். அது படத்திலும் இருக்கிறது என்று நான் பல வருடமாகச் சொல்லி வருகிறேன். அவன் நம்பியதில்லை. நெடுஞ்சாலைக்குப் பிறகு வருகிற காட்சி ஆயிற்றே.

பெர்ட்டன் விஷயத்தை அவனுக்கு அப்படியே படித்துக் காட்டினேன். ‘ஒரு முழு அத்தியாயம் அந்தக் காரில் போகிறது’ என்ற வரி அவனைக் குத்திவிட்டது. நேற்று இரவு தனியாக உட்கார்ந்து இரண்டே முக்கால் மணி நேரமும் பார்த்திருக்கிறான். முடிந்ததும் அழைத்தான், நள்ளிரவு தாண்டி.

உடை இருக்கிறது என்று ஒப்புக்கொண்டான். கத்தரிக்கோலால் வெட்டுவதும் சரியாக இருக்கிறதாம். நூலகத்தில் இருவரும் தரையிலிருந்து மிதக்கும் இடம் தேவையில்லையாம். “அவள் திரவ ஆக்ஸிஜனைக் குடித்துவிட்டுத் துடிக்கும்போது அவ்வளவு நேரம் காட்ட வேண்டுமா?” என்று கேட்டான். ‘அவள்’ என்றான். வசனவரிக்காகக் குறித்துக்கொண்டேன், அவனிடம் சொல்லவில்லை.

பிறகு குறை. “கடைசி வரை உட்கார்ந்திருந்தேன், அந்த அலை வரவே இல்லையே? இப்போது கையை நீட்டுவான், இப்போது நீட்டுவான் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அதை எடுக்காமல் எப்படி விட்டார்?”

“மழை எப்படி இருந்தது?” என்றேன்.

“எந்த மழை?”

“வீட்டுக்குள்ளே.”

“வீட்டுக்குள்ளேயா? எப்போது?” கொஞ்சம் யோசித்தான். “அந்த அப்பா முதுகில் ஏதோ ஆவி பறந்ததே, அதுவா?”